சஸ்பென்ஷன் மாற்றாத காருக்கு வீல் ஸ்பேசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பிரிங்கையோ ஷாக் அப்சார்பரையோ தொடவில்லை. கார் ஆலையிலிருந்து வந்த உயரத்தில்தான் நிற்கிறது. ஆனால் நாலு வீலும் மட்கார்டுக்குள் ஒடுங்கிக்கொண்டதுபோல் தெரிகிறது. ஸ்பேசர் ஆசை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். தொடங்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றே: "எத்தனை மில்லி போடலாம்?" என்னைக் கேட்டால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. ஹப் (வீலை மாட்டும் சுழலும் பாகம்), மரை, இடைவெளி மூன்றையும் பார்த்து முடித்தால் மில்லிக் கணக்கு தானாகவே வந்துவிடும். கீழே உள்ள பதில்கள் அந்தப் போக்கில்தான் இருக்கின்றன.

ஸ்பேசர் சரியாக என்ன செய்கிறது?

ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் அலுமினிய வட்டு அது. வட்டின் கனம் எவ்வளவோ, அவ்வளவு வீல் வெளியே தள்ளி நிற்கும்.

இதைப் புரிந்துகொள்ள ஆஃப்செட் என்ற ஒரு சொல் போதும். வீலின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு போடுங்கள். வீலின் எந்த முகம் ஹப்பில் உட்காருகிறதோ, அது அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லி வெளிப்புறமாக இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். வீலின் பின்பக்கத்தில் 'ஈ.டி. 45' என்பதுபோல் பொறித்திருப்பார்கள். 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால் அந்த வீல் ஈ.டி. 30 வீல் நிற்கும் இடத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் போடுவதால் இடது வலது டயர்களுக்கு நடுவே உள்ள தூரம் 30 மி.மீ. கூடும்.

கேம்பர் (வீல் மேலே உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்), டோ (மேலிருந்து பார்த்தால் வீலின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) போன்றவை மாறாது. டயரின் சுற்றளவு அப்படியே இருப்பதால் ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லாது. ஸ்பேசர் போட்டதும் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், அதற்கு ஸ்பேசர் காரணமில்லை. ஏற்கெனவே செய்யாமல் விட்டிருந்தால் செய்துகொள்ளுங்கள்.

சஸ்பென்ஷன் மாற்றாத காருக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு? தாழ்த்திய கார்களில் 20, 25 மில்லி போடுகிறார்களே?

குழப்பம் முழுக்க இங்கேதான். தாழ்த்திய காரின் படத்தைப் பார்த்து அதே அளவை வாங்கி வந்து மாட்டுகிறவர்கள் நிறைய.

பல கார்களில் உயரம் குறையும்போது வீலின் மேல்பக்கம் சற்று உள்ளே சாயும். 205/55 ஆர்16 டயரை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் சுமார் 632 மி.மீ., ஆரம் 316. வீல் ஒரு டிகிரி உள்ளே சாய்ந்தால் டயரின் மேல்விளிம்பு ஹப்பைவிட ஏறக்குறைய 5.5 மி.மீ. உள்ளே போய்விடும். இரண்டு டிகிரி என்றால் 11 மி.மீ. தாழ்த்திய கார்க்காரருக்கு மட்கார்டு ஓரத்தில் கிடைக்கும் இலவச இடம் இது. அவருடைய ஸ்பிரிங்கும் விறைப்பானது, குட்டையானது. வீல் மேலே ஏறும் தூரமும் குறைவு.

உங்கள் காரில் இரண்டுமே இல்லை. வீல் ஏறக்குறைய நேராக நிற்கிறது. ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் வீல் வெகுதூரம் மேலே ஏறும். நின்றுகொண்டிருக்கும் காரில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் நுழைகிற இடைவெளியைப் பார்த்து, தாராளமாக இடம் இருக்கிறதென்று தோன்றும். அந்த இடைவெளி வீல் மேலே ஏறுவதற்காக விடப்பட்டது. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய சாமான், ஒரு வேகத்தடை. இவை சேரும் நாளில்தான் அந்த இடம் உண்மையில் எவ்வளவு என்று தெரியும்.

அப்படியானால் இடைவெளியை எப்படி அளப்பது?

சமதளத்தில் காரை நிறுத்துங்கள். ஜாக்கி வைத்து இறக்கியிருந்தால் அப்படியே அளக்காதீர்கள். இறக்கிய உடனே டயர்கள் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். நாலைந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினால்தான் இயல்பான நிலைக்கு வரும்.

ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டி, மட்கார்டு வளைவின் உச்சியில் வெளி ஓரத்தில் ஒட்டித் தொங்கவிடுங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோலத்தான். நூலிலிருந்து டயரின் மேல்பகுதிக்கும், ரிம்மின் விளிம்புக்கும், ஹப் உயரத்தில் டயர் அதிகம் புடைத்திருக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தனித்தனியே அளந்து எழுதுங்கள். மூன்றில் சிறியதுதான் உங்கள் கணக்குக்கு. நாலு வீலிலும் அளக்க வேண்டும். இடதும் வலதும் சில மில்லி வித்தியாசப்படுவது சாதாரணம். அங்கேயும் சிறிய எண்தான் கணக்கு.

மட்கார்டின் உள்பக்கத்தில் தகடு மடிந்திருக்கும். அந்த மடிப்பின் அகலத்தையும் பாருங்கள், ஏனென்றால் டயர் முதலில் உரசுவது அதில்தான். பிளாஸ்டிக் லைனரைப் பிடிக்கும் திருகு எதுவும் அந்த வழியில் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

பிறகு பாரம் ஏற்றி ஒருமுறை. ஆள்களை உட்கார வைத்து, டிக்கியில் பாரம் வைத்து, பின்வீல் எவ்வளவு மேலே ஏறுகிறது, மடிப்புக்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்று பார்க்க வேண்டும். நூலில் 24 மி.மீ. வந்தால் நான் அதில் 8 மி.மீ. விட்டுவிடுவேன். ரப்பர் புஷ் நசுங்கும், வளைவில் டயரின் பக்கச்சுவர் பிதுங்கும், அளந்த கையும் ஓரிரு மில்லி தவறும். மீதி 16. அப்படியானால் 15 மி.மீ. உச்சம், 12 நிம்மதி.

முன்வீலுக்கு இன்னொரு வேலை உண்டு. ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். வீல் வெளியே தள்ளி நிற்கும்போது அது திரும்பும் வட்டமும் பெரிதாகும். மேலே தட்டாத டயர், முன் பம்பரின் கீழ்மூலையிலோ கதவுக்கு முன்னால் உள்ள லைனரிலோ தட்டும். நிற்கும்போது ஒரு விரல் இடம் இருந்தால் போதாது. திரும்பிக்கொண்டே மேடேறும்போது என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

பி.சி.டி., சென்டர் போர் என்கிறார்களே, அவை ஒத்துப்போனால் போதுமா?

ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு பேச்சே இல்லை. பி.சி.டி. என்பது நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். 4×100, 5×112, 5×114.3 என்று எழுதுவார்கள், முதல் எண் ஓட்டைகளின் எண்ணிக்கை. 114.3 என்பது நாலரை அங்குலம். 4×98க்கும் 4×100க்கும் வித்தியாசம் 2 மி.மீ.தான். முறுக்கினால் நட்டு ஏறிக்கூடத் தொலைக்கும், அதுதான் ஆபத்து. சாய்வாக இறுகிய நட்டு பார்வைக்கு இறுகியதுபோலவே இருக்கும், ஓடும்போது தளரும்.

சென்டர் போர் என்பது வீலின் நடு ஓட்டை. ஹப்பின் நடுவில் புடைத்து நிற்கும் வட்டப் பகுதியை இங்கே கழுத்து என்று சொல்லிவைக்கிறேன். ஓட்டை அந்தக் கழுத்தில் சரியாக உட்கார வேண்டும். பல ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் அது 57.1 மி.மீ., பல ஹோண்டாக்களில் 64.1, டொயோட்டாவில் பெரும்பாலும் 60.1, சிறிய டொயோட்டாக்களில் 54.1. புள்ளிக்குப் பின்னால் உள்ள அந்த எண்ணுக்கும் மதிப்பு உண்டு. '57 என்றால் 57.1க்குப் போதும்' என்று பேசுகிற விற்பனையாளரிடம் நான் வாங்க மாட்டேன்.

5 மில்லி ஸ்பேசர்தானே, அதில் என்ன ஆகிவிடப் போகிறது?

நானும் இப்படித்தான் நினைத்தேன். முன்வீலுக்கு 5 மி.மீ. வெறும் வட்டு ஒன்றை மாட்டினேன். ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. 90ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நடுங்க ஆரம்பித்தது. வீல் பேலன்ஸ் ஒருமுறை, இன்னொருமுறை. டயர் சரியில்லை என்று முன்னதைப் பின்னால் போட்டேன். நடுக்கம் போகவில்லை. கடைசியில் வீலைக் கழற்றி ஹப்பின் கழுத்தை அளந்தபோதுதான் விஷயம் விளங்கியது. கழுத்தின் நீளத்தில் பெரும்பகுதியை ஸ்பேசரே தின்றுவிட்டது. மீதியில் ஓரம் செதுக்கிய பகுதி போக, வீல் பிடிப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வீல் நடுவில் நிற்காமல், நட்டுகள் இழுத்த இடத்தில் நின்றிருக்கிறது.

கழுத்து பல கார்களில் 10 மி.மீ. அளவில்தான் இருக்கும், சிலவற்றில் அதைவிடக் குறைவு. அதனால் மெல்லிய ஸ்பேசருக்கு ஒரு இக்கட்டு உண்டு. 3 மி.மீ. என்றால் மிச்சக் கழுத்தில் வீல் உட்கார்ந்துவிடும். 12, 15 மி.மீ. என்றால் ஸ்பேசரிலேயே புதிதாக ஒரு கழுத்து கடைந்து கொடுப்பார்கள். நடுவில் உள்ள 5 முதல் 10 வரைதான் திண்டாட்டம். பழைய கழுத்தும் எட்டாது, புதிய கழுத்து கடைய இடமும் போதாது. காரின் சொந்தக் கழுத்து எத்தனை மில்லி என்று அளக்காமல் இந்த அளவுகளை வாங்காதீர்கள். ஸ்பேசரில் உள்பக்கம் கழுத்தைப் பிடிக்கும் ஓட்டை, வெளிப்பக்கம் வீலைப் பிடிக்கும் கழுத்து இரண்டும் இருந்தால் அதை ஹப்சென்ட்ரிக் என்பார்கள். வாங்கும்போது இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, கையில் எடுத்தும் பாருங்கள்.

எத்தனை வகை இருக்கிறது?

தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பி) செருகிவிட்டு, அதன் மேல் வீலை வைத்து ஒரே நட்டால் எல்லாவற்றையும் இறுக்குவது. மற்றொன்று, ஸ்பேசரைத் தனியே ஹப்பில் நட்டு போட்டு இறுக்கி, ஸ்பேசரிலேயே உள்ள புதிய ஸ்டட்டில் வீலை மாட்டுவது.

இரண்டாவது வகை பெரும்பாலும் 20 மி.மீ.க்கு மேல்தான் நிம்மதியாகப் பொருந்தும். அதைவிட மெல்லியதாக இருந்தால் காரின் பழைய ஸ்டட் ஸ்பேசரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு வீலின் பின்முகத்தில் முட்டும். சில அலாய் வீல்களின் பின்பக்கத்தில் நட்டு ஓட்டைகளுக்கு நடுவே குழிகள் இருக்கும், ஸ்டட் நுனி அதில் ஒளிந்துகொள்ளும். குழி இல்லாத வீல் என்றால் அது ஸ்டட் நுனியில் உட்காரும், ஸ்பேசரில் உட்காராது. சஸ்பென்ஷன் மாற்றாத பெரும்பாலான கார்களுக்கு 20க்குக் கீழேதான் தேவைப்படும் என்பதால் முதல் வகைதான் உங்களுக்கு வாய்க்கும். அதில் கவலை எல்லாம் மரையைப் பற்றி.

மரை எவ்வளவு பிடித்தால் போதும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

வீலைத் தாங்குவது ஸ்டட்டின் தடிமன் என்று பலர் நினைக்கிறார்கள். நட்டை முறுக்கும்போது ஸ்டட் ஒரு துளி நீள்கிறது. நீண்ட ஸ்டட் சுருங்கப் பார்க்கும் விசைதான் வீலை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் காரின் பாரத்தையும் பிரேக்கையும் தாங்குகிறது. மரை போதாவிட்டால் அந்த அழுத்தத்தை முழுதாகக் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தாலும் மரை பிய்ந்துவிடும்.

கைக்கணக்கு இது: மரை குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது பிடித்திருக்க வேண்டும். எம்12×1.5 (விட்டம் 12 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும் மரை) என்றால் 12 மி.மீ., அதாவது எட்டு முழுச் சுற்று. எம்12×1.25க்குப் பத்துச் சுற்று. எம்14×1.5க்கு ஒன்பதரை.

முதலில் ஸ்பேசர் இல்லாமல் வீலை மாட்டி, நட்டு கையால் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து உட்காரும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். எம்12×1.5 ஸ்டட்டில் 12 சுற்று வந்தால் 18 மி.மீ. மரை பிடித்திருக்கிறது. 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் மீதி 13 மி.மீ., எட்டே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. தேறிவிட்டது. 8 மி.மீ. போட்டால் மீதி 10 மி.மீ., ஏழு சுற்றுகூட இல்லை. தேறவில்லை. 8 வேண்டுமென்றால் நீளமான ஸ்டட் அடித்துப் போட வேண்டும். அதற்கு மரை அளவு மட்டும் ஒத்தால் போதாது, ஹப்பில் இறுகிப் பிடிக்கும் அந்தப் பல் வைத்த பகுதியின் விட்டமும் ஒத்துப்போக வேண்டும். சில கார்களில் ஹப்பையே கழற்றாமல் ஸ்டட்டை மாற்ற முடியாது.

என் காரில் ஸ்டட் இல்லை, போல்ட்டுதான். அதற்கு?

பல ஐரோப்பியக் கார்கள் இப்படித்தான். இதில் ஒரு வசதி: ஸ்பேசர் எத்தனை மில்லியோ, அத்தனை மில்லி நீளமான போல்ட்டு வாங்கினால் மரைப் பிடிப்பு பழையபடியே இருக்கும். 27 மி.மீ. போல்ட்டு இருந்த இடத்தில் 15 மி.மீ. ஸ்பேசருக்கு 42 மி.மீ. போல்ட்டு.

'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்று மட்டும் போகாதீர்கள். நீளம் அதிகமானால் போல்ட்டு ஹப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்து, ஏ.பி.எஸ். சென்சாரையோ ஹேண்ட்பிரேக் பாகத்தையோ உரசும். எல்லாம் மாட்டியபின் காரை ஜாக்கியில் நிறுத்தி, வீலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பழைய நட்டையே பயன்படுத்தலாமா?

நட்டு வீலில் உட்காரும் இடத்தின் வடிவம் முக்கியம். சிலது 60 டிகிரி கூம்பு, சிலது பந்துபோல் உருண்டை, சிலது வாஷர் வைத்த தட்டை. ஹோண்டாவின் ஆலை வீல்கள் பல உருண்டை. வெளியில் வாங்கிய அலாய் பெரும்பாலும் கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொடும். நட்டை வீலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பேசர் இதில் எதையும் மாற்றாது. தனியே இறுக்கும் வகையில் மட்டும், ஸ்பேசரை ஹப்பில் பிடிக்க அதனோடு வந்த நட்டையே போடுங்கள்.

எவ்வளவு மில்லி என்று இப்போதாவது சொல்லுங்களேன்.

சொல்கிறேன். சஸ்பென்ஷன் மாற்றாத, ஆலை டயர் அளவே உள்ள காரில், அளந்து பார்த்தபின் நான் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம்: முன்னால் 10 முதல் 12, பின்னால் 15. பின்னால் 20 அபூர்வமாகத்தான். முன்னால் 15ஐத் தொட நான் தயங்குவேன், ஏன் என்பது அடுத்த பதிலில். 3, 5 மில்லி எல்லாம் பார்வைக்கு ஒன்றும் மாற்றாது. பெரிய பிரேக் காலிபருக்கும் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) வீலின் ஆரக்காலுக்கும் நடுவே இடம் வேண்டும் என்பதுபோன்ற காரணத்துக்கு மட்டுமே அவை.

கார் ஓடும் விதம் மாறுமா? வளைவில் பிடிப்பு கூடும் என்கிறார்களே?

கூடும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்குப் போகும் பாரம், இரு டயருக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 1500 மி.மீ. இருந்ததை 1530 ஆக்கினால் அந்தப் பாரமாற்றம் 2 சதவீதம் குறையும். நல்ல டயர் வாங்கிப் போடுவதால் வரும் வித்தியாசத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. 'ரயில் மாதிரி ஓடுகிறது' என்று சொல்பவர்களின் மகிழ்ச்சியை நான் கெடுக்கவில்லை. அதில் பாதி கண் செய்யும் வேலை.

முன்பக்கம் தயங்கச் சொன்னதற்குக் காரணம் ஸ்டியரிங். முன்வீல் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை ஸ்க்ரப் ஆரம் என்பார்கள். பல முன்சக்கர இழுவைக் கார்களில் அந்தப் புள்ளி டயர் நடுவைவிட வெளியே இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். 1972இல் வந்த ஆடி 80 இதற்குப் பெயர்போனது. ஒரு பக்க வீல் ஈரத்திலும் மறுபக்கம் காய்ந்த தரையிலும் இருக்கும்போது பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். அந்த இழுப்புக்கு எதிராக வீல் தானே லேசாகத் திரும்பிக் காரை நேராக்கும் ஏற்பாடு அது. 15 மி.மீ. ஸ்பேசர் டயரின் நடுவை 15 மி.மீ. வெளியே கொண்டுபோகிறது. அந்த ஏற்பாடு தேய்ந்து பூஜ்யமாகலாம், எதிர்ப்பக்கமும் திரும்பலாம். மேடுபள்ளத்தில் ஸ்டியரிங் கையை இழுப்பது, வேகமெடுக்கும்போது ஒரு பக்கம் வெட்டுவது எல்லாம் அதன் அடையாளம்.

முன்னால் மட்டும் அல்லது பின்னால் மட்டும் போடலாமா?

பின்னால் மட்டும் போடலாம். பல கார்களில் பின்வீல்தான் அதிகம் ஒடுங்கித் தெரியும், ஸ்டியரிங்கும் கெடாது. முன்னால் மட்டும் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே அச்சில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் வேறொன்று என்பது கூடவே கூடாது.

வீல் பேரிங் சீக்கிரம் போய்விடும் என்பது உண்மையா?

சுமை கூடுவது உண்மை, பீதி மிகை. வீலில் 500 கிலோ பாரம் என்றால் 15 மி.மீ. ஸ்பேசர் பேரிங்கில் கூட்டும் திருகல் 7.5 கிலோகிராம்-மீட்டர். அதே வீல் வளைவில் 250 கிலோ பக்கவிசை வாங்கினால், 316 மி.மீ. ஆரத்தில் அது 79 கிலோகிராம்-மீட்டர். பேரிங் பத்து மடங்கைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் வளைவு வந்து போகும், ஸ்பேசரின் சுமை நேர்ச்சாலையிலும் கூடவே இருக்கும். ஆகவே ஆயுள் ஓரளவு குறையும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈ.டி. 45க்குப் பதில் ஈ.டி. 30 வீலையே வாங்கிப் போட்டாலும் பேரிங்குக்கு இதே கதிதான் என்பதை ஸ்பேசரைத் திட்டுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். பழைய, ஏற்கெனவே முனகுகிற பேரிங் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துருப்போகத் தேயுங்கள். ஒரு துணுக்குத் துரு நடுவில் மாட்டினாலும் ஸ்பேசர் சாய்ந்து உட்காரும், பிறகு துணுக்கு நொறுங்கி நட்டு தளரும். டிஸ்க்கைப் பிடிக்கும் சின்னத் திருகு தலை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஆலையில் ஸ்டட்டில் மாட்டிவிட்ட மெல்லிய தகடு வளையம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பெயின்ட் பூசிய வீலின் உட்காரும் முகத்தில் தடித்த பெயின்ட் இருந்தால் அதுவும் நாளடைவில் நசுங்கி நட்டைத் தளர்த்தும்.

மரைக்கு எண்ணெய், கிரீஸ் வேண்டாம். வழுக்கும் மரையில் அதே டார்க் (முறுக்கும் விசை) ஸ்டட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். ஹப்பின் கழுத்தில் மட்டும் ஒரு மெல்லிய பூச்சு போதும்.

காற்றுத் துப்பாக்கி வேண்டாம். கையால் ஏற்றி, குறுக்கும் நெடுக்குமாக நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால் இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். அளவு உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். பல ஹோண்டாக்களுக்கு 108 நியூட்டன் மீட்டர், பல டொயோட்டாக்களுக்கு 103, ஃபோக்ஸ்வாகனின் எம்14 போல்ட்டுக்கு 120. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி அதே டார்க்கில் பாருங்கள், வீல் ஆறியிருக்கும்போது. தனியே இறுக்கும் வகை என்றால் வீலைக் கழற்றி உள்ளே இருக்கும் நட்டுகளையும் பார்க்க வேண்டும். சோம்பல்பட்டு விடுவது இந்த வேலையைத்தான்.

எந்த உலோகம்?

6061 அல்லது 7075 என்று குறிக்கப்பட்ட அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தது. அச்சில் வார்த்தது வேண்டாம், அது நொறுங்கும் குணம் உடையது. கையில் எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு ஸ்பேசரை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாமா? வாஷர் வைக்கலாமா?

இரண்டும் கூடாது.

இரும்பு வீலுக்குப் போடலாமா?

வேண்டாம் என்பேன். இரும்பு வீலின் உட்காரும் முகம் மெல்லிய தகடு. அது ஓட்டைகளைச் சுற்றி மட்டும் தொட்டு, இறுக்கும்போது கொஞ்சம் வளைந்து பிடிக்கும். தனியே இறுக்கும் ஸ்பேசரில் உள்ள குழிகள் அந்தத் தொடும் இடத்திலேயே வந்து விழுந்தால் பிடிப்பு போய்விடும்.

வழியில் பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி மாட்டுவது எப்படி?

போல்ட்டு வகைக் கார்க்காரர்கள் இதை மறந்துவிட்டு நடுவழியில் நிற்பார்கள். ஸ்டெப்னியை ஸ்பேசர் இல்லாமல் மாட்ட வேண்டியிருந்தால் பழைய, குட்டையான போல்ட்டுதான் வேண்டும். நீண்ட போல்ட்டைப் போட்டால் பின்பக்கம் முட்டும். பழைய போல்ட்டு ஒரு செட்டைத் துணியில் சுற்றி ஸ்டெப்னிக் குழியிலேயே வைத்துவிடுங்கள். உங்கள் ஜாக்கி, ஸ்பேனரால் எல்லாம் கழல்கிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஒத்திகை பார்ப்பதும் நல்லது.

ஸ்பேசருக்குப் பதில் அகல வீலே வாங்கிவிடலாமா?

எப்படியும் வீல் மாற்றும் எண்ணம் இருந்தால் அதுதான் சுத்தமான வழி. வீலின் அகலம் (அங்குலத்தில்) 6.5 ஜே-யிலிருந்து 7.5 ஜே-க்குப் போனால், அதே ஈ.டி.யில் வீல் வெளியே 12.7 மி.மீ., உள்ளே 12.7 மி.மீ. வளரும். உள்ளே ஷாக் அப்சார்பருக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆலை வீலின் தோற்றம் பிடித்திருக்கிறது, கொஞ்சம் வெளியே வந்தால் போதும் என்றால் ஸ்பேசர் தவறில்லை. போர்ஷே தன் 911இன் சில மாடல்களுக்கு 5 மி.மீ. ஸ்பேசரை விருப்பத் தேர்வாகவே தந்திருக்கிறது.

சட்டப்படி சரிதானா?

நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் அந்த ஸ்பேசருக்கும் அந்தக் காருக்கும் பொருந்தும் சான்றிதழ் கேட்பார்கள். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டக் கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு. காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் வரும் பதில் வேறு மாதிரி இருக்கும்.

ஸ்பேசர் ஹப்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது, வரவே இல்லை.

அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் இப்படித்தான் ஒட்டும். இடுக்கில் திருப்புளியைக் கொடுத்து நெம்பாதீர்கள். முகத்தில் விழும் கீறல் அடுத்த முறை சரியாக உட்கார விடாது. துரு நீக்கும் எண்ணெயைக் கழுத்தைச் சுற்றி விட்டு, டிஸ்க்கிலும் பேடிலும் படாமல் பார்த்து, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு மரக்கட்டையை வைத்து ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினால் கழன்று வரும். மறுபடி மாட்டும் முன் மரையில் தெறித்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.